டீசல் ஃபில்டரை எப்போ மாத்தணும்? சரவணம்பட்டி டு ஊட்டி வண்டிக்காரங்களுக்கான கி.மீ கணக்கு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரவணம்பட்டி சத்தி ரோடு எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். கீரணத்தம் ஐ.டி பார்க்கில் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பல பேரோட வீக் எண்ட் பிளான் ஒண்ணுதான். விடியக்காலையில் கிளம்பி துடியலூர், மேட்டுப்பாளையம் வழியா ஊட்டி. இல்லைன்னா சத்தியமங்கலம் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி திம்பம்.

ஊருக்குள்ள ஜம்முனு ஓடின டீசல் கார், கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் திணறும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி ஏறாது. சமயத்துல டேஷ்போர்டுல இன்ஜின் லைட்டும் எரியும். 'டர்போ போச்சா, கிளட்ச் போச்சா, எவ்வளவு பழுக்கப்போகுதோ'ன்னு மனசு பதறும். ஆனா, அனுபவம் உள்ள மெக்கானிக் முதல்ல கேட்கிற கேள்வி இதுவாத்தான் இருக்கும்: ''ஏனுங்க, டீசல் ஃபில்டர் கடைசியா எப்போ மாத்துனீங்க?''

பல பேர்கிட்ட இதுக்குப் பதில் இருக்காது. இன்ஜின் ஆயில் மாத்துறது ஞாபகம் இருக்கும், ஏர் ஃபில்டர் ஞாபகம் இருக்கும். டீசல் ஃபில்டர் மட்டும் மறந்துபோகும்.

ஒரு ஃபில்டருக்கு ஏன் இவ்வளவு பில்டப்?

டேங்கில் இருந்து வரும் டீசல், ஃபில்டரைத் தாண்டித்தான் ஹை பிரஷர் பம்ப்புக்குப் போகும். அங்கிருந்து 'காமன் ரயில்' என்ற குழாய், அதிலிருந்து இன்ஜெக்டர்கள். இன்று ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவை இந்த காமன் ரயில் ரகம்தான். காரின் பின்னால் சி.ஆர்.டி.ஐ, டி.டி.ஐ.எஸ் என்றெல்லாம் போட்டிருப்பது இதைத்தான்.

இந்தக் குழாயில் டீசல் 1,600 பார் வரை, புது இன்ஜின்களில் 2,000 பாரையும் தாண்டி அழுத்தப்படுகிறது. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2.2 பார்தான். அதாவது, டயரைவிட 700 மடங்குக்கும் மேல்! இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்காக, இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான் விடுவார்கள். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத தூசி போதும், அந்த இடத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

இன்னொரு விஷயம், டீசல் வெறும் எரிபொருள் மட்டும் அல்ல. பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் உராய்வைக் குறைக்கும் எண்ணெயும் அதுதான். அதில் தண்ணீர் கலந்தால் வழவழப்பு போய்விடும், உள்ளே துருவும் பிடிக்கும். அதனால்தான் டீசல் ஃபில்டருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தூசியைப் பிடிப்பது. இரண்டாவது, தண்ணீரைப் பிரிப்பது. தண்ணீர் டீசலைவிட கனம் என்பதால், ஃபில்டரின் அடிப்பகுதியில் போய்த் தங்கிவிடும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. அன்னூர், கோவில்பாளையம் பக்கம் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். டீசல் லைனில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அடியில் தண்ணீர் தெரிந்தால் கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டுவார்கள். காரில் அந்தக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். கீரணத்தத்தில் அலுவலகம் வைத்திருக்கும் பாஷ் நிறுவனம்தான், 1951-ல் தொடங்கிய 'மைக்கோ' மூலம் இந்தியாவுக்கு டீசல் பம்ப் செய்து கொடுத்தது. பழைய மெக்கானிக்குகள் வாயில் 'மைக்கோ பம்ப்' என்ற பேர் இன்னமும் வருவது அதனால்தான்.

சரி, எத்தனை கி.மீ?

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே நம்பர் கிடையாது. உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் இருப்பதுதான் முதல் பதில். மேனுவல் தொலைந்துபோயிருந்தால், கம்பெனி வெப்சைட்டில் பி.டி.எஃப் தேடிப் பாருங்கள். பொதுவான கணக்கு இதுதான்:

* காமன் ரயில் டீசல் கார்கள்: பெரும்பாலும் 20,000 முதல் 40,000 கி.மீ-க்குள், அல்லது 2 வருடம். எது முதலில் வருகிறதோ அது.

* பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள்: 10,000 முதல் 20,000 கி.மீ.

* தூசி ரோடு, தோட்டத்துப் பாதை, டிராவல்ஸ் ஓட்டம், அடிக்கடி மலை ஏறும் வண்டிகள்: மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு கணக்கு இருக்கும். இல்லையென்றால், சொன்ன கி.மீ-யில் பாதி என வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

* ஒர்க் ஃப்ரம் ஹோம் வண்டிகள்: வருடத்துக்கு 4,000 கி.மீ-கூட ஓடாத கார்களுக்கு கி.மீ கணக்கு உதவாது. டேங்க் பாதி காலியாக நின்றுகொண்டே இருந்தால், காற்றில் உள்ள ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் தேங்கினால் டீசலில் பாக்டீரியா, பூஞ்சை வளர்ந்து கருப்பாகக் கொழகொழவென்று படியும். 'ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?' என்று கேட்காதீர்கள். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

* செகண்ட் ஹேண்ட் வாங்கியிருந்தால்: கி.மீ பார்க்கவே வேண்டாம், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் ஸ்விஃப்ட், டிசையர் டீசல்கள் எல்லாமே அதற்கு முந்தையவை. முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்பது பில் இருந்தால்தான் தெரியும்.

'பி.எஸ்-6 டீசல்தான் சுத்தமாச்சே' என்று நினைக்கலாம். சல்ஃபர் 50 பி.பி.எம்-ல் இருந்து 10-ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் அது புகைக்கான சுத்தம். சல்ஃபரை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைவதால், ரீஃபைனரியிலேயே அதற்குத் தனியாக மருந்து சேர்க்கிறார்கள். பங்க் டேங்க்கிலோ உங்கள் டேங்க்கிலோ சேரும் தண்ணீருக்கும் பி.எஸ்-6-க்கும் சம்பந்தமில்லை.

முதல்வர் கான்வாயே நின்றுபோன கதை!

2025 ஜூன் மாதம், மத்தியப் பிரதேச முதல்வர் மோகன் யாதவ் ரத்லம் நகரில் ஒரு நிகழ்ச்சிக்குப் போகவேண்டியிருந்தது. அவருடைய கான்வாய்க்கான வண்டிகள் முந்தைய இரவு ரத்லம் அருகே ஒரு பங்க்கில் டீசல் போட்டன. சிறிது தூரத்திலேயே ஒன்றன் பின் ஒன்றாக 19 வண்டிகள் நின்றுவிட்டன! டேங்க்கைக் கழற்றிப் பார்த்தால், டீசலோடு தண்ணீர். மழைநீர் கசிந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. பங்க்குக்கு சீல் வைக்கப்பட்டது. முதல்வருக்கு மாற்று வண்டிகள் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, ஃபில்டர் கொஞ்சம் தண்ணீரைத்தான் தாங்கும். லிட்டர் கணக்கில் வந்தால் எந்த ஃபில்டராலும் காப்பாற்ற முடியாது. இரண்டு, தப்பு எங்கே என்று நிரூபிக்க பில் வேண்டும். டீசல் போட்டால் பில் வாங்குங்கள், யு.பி.ஐ மெசேஜையும் அழிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பங்க்கில் டென்சிட்டி செக் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடாமல் இருப்பதும் நல்லது. அடியில் தங்கிய கசடு கலங்கும் நேரம் அது.

வண்டி காட்டும் அறிகுறிகள்

* காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது.

* ஏத்தத்திலும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை குறைவது. ஊருக்குள் தெரியாது, மலையில் தெரியும். இன்ஜினுக்கு அதிக டீசல் தேவைப்படும் நேரத்தில், அடைத்த ஃபில்டரால் அந்த அளவுக்கு விட முடியாது.

* ஐடிலில் வண்டி அதிர்வது, திடீரென ஆஃப் ஆவது.

* ஸ்கேன் செய்தால் 'பி0087' கோடு வருவது. காமன் ரயிலில் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். பம்ப்பை மாற்றச் சொல்வதற்கு முன், ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* டேஷ்போர்டில் ஃபில்டருக்குக் கீழே நீர்த்துளி மாதிரி ஒரு விளக்கு எரிவது. ஃபில்டரில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று பொருள். இது எரிந்தால் 'வீடு போய் பார்த்துக்கலாம்' வேண்டாம். ஓரமாக நிறுத்தி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தண்ணீரை எடுப்பது எப்படி?

பல வண்டிகளில் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். இன்ஜினை ஆஃப் செய்து, சூடு ஆறியதும், கீழே ஒரு டப்பா வைத்துத் திருகை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். வடித்ததை சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஃபில்டர் மாற்றியதும் உள்ளே காற்று இருக்கும். ஹேண்ட் பம்ப் இருந்தால் அதை அழுத்தியும், எலெக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியைச் சில முறை ஆன்-ஆஃப் செய்தும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால், பம்ப் காய்ந்து ஓடித் தேயும்.

முக்கியமான எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது காமன் ரயில் குழாயின் நட்டை யாரும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியில் செய்த அந்தப் பழக்கம் இதில் ஆபத்து.

10 பைசா கணக்கு

ஃபில்டரும் கூலியும் சேர்த்து 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றினால், கி.மீ-க்கு 10 பைசா. லிட்டருக்கு 18 கி.மீ தரும் காரில், கி.மீ-க்கு நீங்கள் போடும் டீசலே சுமார் 5 ரூபாய். அதே நேரம் காமன் ரயில் இன்ஜெக்டர் ஒன்றின் விலையே ஐந்திலக்கத்தில் ஆரம்பிக்கும் கார்கள் பல உண்டு. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு. கலப்பட டீசலால் வரும் சேதத்துக்கு பொதுவாக வாரன்ட்டியும் கிடைக்காது. சாதாரண இன்ஷூரன்ஸும் மெக்கானிக்கல் பழுதுக்குக் கைகொடுக்காது.

200 ரூபாய் மிச்சம் என்று டூப்ளிகேட் ஃபில்டர் மாட்டினாலும் கதை இதேதான். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் பேப்பரில்தான் வித்தியாசம். பில் தரும் கடையில் வாங்குங்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். சர்வீஸ் பில்லை எடுத்து 'ஃபியூயல் ஃபில்டர்' என்ற வரி கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை கி.மீ-யில் இருக்கிறது என்று பாருங்கள். அதை போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள். வரியே இல்லையென்றால், ஊட்டி பிளானை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விடுங்க!