ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

காலேஜில் சேர்ந்த பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும், புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கிறது. இந்த நிலையில் பல குடும்பங்கள் தேடிப் போவது ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பைத்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொடங்கி ஆன்லைன் வரை எங்கும் கிடைக்கிறது. பார்த்து வாங்கினால் லாபம். அவசரப்பட்டால், சேர்த்து வைத்த பணம் ஆறே மாதத்தில் வீண்!

செகண்ட் ஹேண்டும் ரீஃபர்பிஷ்டும் ஒன்றா?

இல்லை. ஒருவர் பயன்படுத்தியதை அப்படியே விற்றால் செகண்ட் ஹேண்ட். சோதித்து, பழுதான பாகத்தை மாற்றி, வாரன்டியோடு விற்றால்தான் ரீஃபர்பிஷ்டு. துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி அதே பெயரில் விற்பவர்களும் உண்டு. அதனால் முதல் கேள்வி, "இதில் என்னென்ன மாத்தினீங்க?" என்பதாக இருக்கட்டும்.

சந்தைக்கு வருபவற்றில் நிறைய, ஐடி கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திக் கழித்தவை. டெல் லாட்டிடியூட், ஹெச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்ற மாடல்கள் அலுவலக உழைப்புக்காகவே தயாரானவை. உதிரி பாகமும் எளிதாகக் கிடைக்கும்.

ஐ7 என்றதும் மயங்காதீங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசசராவது வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அவசியம்.

தலைமுறையை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப ஈஸி. ஐ5-8350யு என்று இருந்தால், கோடுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் அதுவே தலைமுறை எண். ஆக, ஐ7-6600யு பெயரில் பெரியதாக இருந்தாலும் 6-ம் தலைமுறைதான்.

"பழசிலும் விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம்" என்று கடைக்காரர் சொல்லலாம். போட முடியும். ஆனால் தகுதி இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட் ஆப்பை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பேட்டரி எவ்வளவு மிச்சம்?

"மூணு மணி நேரம் நிக்கும்" என்ற வாய்வார்த்தை போதாது. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 30,000 என்று இருந்தால், மிச்சமிருப்பது 60 சதவீதம்தான். புது பேட்டரி செலவைக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.

ரேம் 8 ஜிபி இருக்கட்டும். பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சில மெலிதான மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக இருப்பது முக்கியம். அதன் ஆயுளை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேர் காட்டும்.

பலரும் கோட்டை விடும் இடம்

பழைய கம்பெனியின் பூட்டு! ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்க வேண்டாம்.

அடுத்து, ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி ஆபீஸ் மெயில் ஐடி கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. மேக்புக் என்றால், பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடையிலேயே அரை மணி நேரம்

* முழு வெள்ளைத் திரை வைத்து புள்ளி, கோடு இருக்கிறதா எனப் பாருங்கள்.
* நோட்பேடில் எல்லா கீயையும் தட்டிப் பாருங்கள்.
* பென்டிரைவ், ஹெட்செட் கொண்டுபோய் ஒவ்வொரு போர்ட்டாக செருகிப் பாருங்கள்.
* கேமரா, மைக், வைஃபை, சார்ஜர் மறக்க வேண்டாம்.
* மூடித் திறந்து கீல் ஆடுகிறதா எனப் பாருங்கள்.
* வீடியோ ஓடவிட்டு, சூடும் ஃபேன் சத்தமும் எப்படி எனக் கவனியுங்கள்.

பில் இல்லையா? வேண்டாம்!

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் பயாஸில் காட்டும் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம்.

வாரன்டி எத்தனை மாதம், பேட்டரியும் சார்ஜரும் அதில் அடங்குமா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடைக்காரர் பின்னர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.