சன்னி முகமூடிகள்

தென்னிலங்கைச் சிங்களவர் நோய் தீர்க்க நடத்தும் 'சன்னி யகும' சடங்கில் ஆடுவோர் அணியும் மர முகமூடிகள். காலி, மாத்தறைப் பகுதிகளில் வழங்குபவை. செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அம்பலாங்கொடை. 'சன்னி' தமிழருக்குப் புதிய சொல்லன்று. காய்ச்சல் முற்றிப் பிதற்றுபவருக்கு 'ஜன்னி கண்டுவிட்டது' என்கிறோமே, அதுவேதான்: வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடும் சந்நிபாதம்.

பதினெட்டு நோய்க்குப் பதினெட்டு யக்கர்கள், அதாவது நோய்ப் பேய்கள். பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறும். கண சன்னி குருடன், பிஹிரி செவிடன், கொலு ஊமை, அமுக்கு வாந்திக்குரியவன். கொர சன்னியின் மூக்கும் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக் கிடக்கும். முகவாதக்காரரைப் பார்த்தவருக்கு, செதுக்கிய கை நோயாளியை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறது என்பது விளங்கும். தலைவன் மஹா கோல சன்னியின் முகமூடியில் மற்ற யக்கர்களின் சிறு முகங்கள் இருமருங்கும் அடுக்கியிருக்கும்.

இவனது கதை கொடியது. கருவுற்ற அரசியைக் கணவனே ஐயுற்றுக் கொல்விக்க, பிணத்திலிருந்து பிறந்தவன் இவன். பழிதீர்க்க நஞ்சுருண்டைகளிலிருந்து பரிவாரத்தை உண்டாக்கி விசாலா நகரைச் சூறையாடினான். புத்தர் வந்து அடக்கினார். அதனால் யக்கர்கள் இன்றும் புத்தரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். காணிக்கை பெற்றதும் விலகியாக வேண்டும்.

சடங்கு அந்தியில் தொடங்கி விடியும்வரை நடக்கும். இலேசான கதுரு மரத்தில் கடைந்த முகமூடிகள் பின்னிரவில்தான் களமிறங்கும். பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசியதும் தீ குப்பென்று எழும். யக்கன் பாய்ந்து வருவான். ஆனால் மேளக்காரர் அவனை விடமாட்டார். எங்கிருந்து வருகிறாய், யாரைக் கேட்டு வந்தாய் என்று மடக்குவார். உளறிக்கொட்டும் யக்கனைப் பார்த்து ஊர் சிரிக்கும், நோயாளியும் சிரிப்பார். இதை இடைவேளை வேடிக்கையாகக் கருதுவது தவறு. அச்சுறுத்திய நோய் எல்லார் முன்னும் சிறுத்துப்போவது இங்கேதான்.

யக்க ஆட்டப் பாடல்களை ஜான் கலவே ஆங்கிலமாக்கி 1829இல் லண்டனில் வெளியிட்டார். 1941இல் சுவிஸ் அறிஞர் பால் விர்ஸின் விரிவான நூல் வந்தது. 1969இல் கணநாத் ஒபயசேகர இந்த நாடகத்தை ஆராய்ந்து எழுதினார். இதற்கிடையே பழைய முகங்கள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன.

இன்று கண்ணேறு கழிக்க வாங்கி வாசலில் மாட்டும் நாக ராட்சச, குருளு ராட்சச முகமூடிகள் 'கோலம்' கூத்துக்குரியவை. சன்னி முகங்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.