கோலும் முள்ளும்

பதுளை நகருக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1894இல், இருப்புப்பாதை பண்டாரவளையை அடைந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளை மலையேற்றியவை மாட்டுவண்டிகளே. காளையின் களைப்பை வண்டிக்காரன் அதன் நடையிலேயே அறிந்தான். மோட்டார் வந்த பிறகோ, வண்டியின் பசியை அறிய ஒரு கருவி வேண்டியதாயிற்று.

முதற்கருவி வெறும் மரக்கோல்தான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்யப்பட்ட ஃபோர்ட் 'மாடல் டி' மோட்டாரில் பெற்றோல் தாங்கி முன்னிருக்கையின் கீழே இருந்தது. சாரதி இருக்கையைத் தூக்கி, கோலை உள்ளே விட்டு, நனைந்த அளவைப் பார்த்துக்கொள்வான். பெற்றோல் தன் எடையினாலேயே இயந்திரத்துக்கு வழிந்தது. ஆதலால், தாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேற்றுவார்கள்.

பின்னர் தாங்கி வண்டியின் பின்புறம் சென்றது. கோலின் இடத்தை மின்சார முள் பிடித்தது. தாங்கிக்குள் ஒரு மிதவை. அதன் கை ஒரு தடைக்கம்பியின் மீது உரசி நகரும். எண்ணெய் ஏறி இறங்க, மின்னோட்டம் மாறும். அதற்கேற்ப முள் அசையும்.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் 'கெப்' வண்டியில் எண்ணெய் பின்பக்கம் சரியும். முள்ளும் சிறிது பிறழும். இது பழுதன்று, மலையின் இயல்பு. சமதரையில் நிற்கும்போதும் முள் துள்ளுமாயின் அதுவே பழுது. பழைய வண்டிகளில் வெப்பமானியின் முள்ளும் உடன் துள்ளினால், குறை இரண்டுக்கும் பொதுவான மின்னிணைப்பில் உண்டு. எரிபொருள் முள் மட்டும் துள்ளினால் தாங்கியின் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் 'எர்த்' கம்பியை ஆராய்தல் நன்று. மழையும் செம்மண் சேறும் அதன் முனையைத் துருவேற்றிவிடும். அங்கே குறையில்லையெனில், குறிப்பிட்ட ஒரே அளவில் முள் எப்போதும் விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். விழுந்தால் தடைக்கம்பி அவ்விடத்தில் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு நிரப்பினாலும் வெறுமையே காட்டினால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கக்கூடும். தாங்கியைத் திறக்குமுன் பற்றரியின் இணைப்பை அகற்ற வேண்டும்; அருகில் நெருப்பு ஆகாது.

இச்சிறு முள்ளின் பொய் எவ்வளவு பெரிது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு இலங்கையில் எரிபொருள் அரிதாயிற்று. யூலை மாதத்தில் வாராந்தப் பங்கீட்டு முறை வந்தது. அரைத் தாங்கி இருப்பதாக முள் காட்ட, உண்மையில் கால் தாங்கியே இருந்தால், வழியில் நிரப்பிக்கொள்ள வகையில்லை. பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலை சேராவிடில் சூடேறிக் கெடும். கொழுந்தாவது நட்டத்தோடு போகும். லயத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் நோயாளிக்கு வழியில் தாமதம் எத்துணைக் கேடு!

எனவே, அனுபவமிக்க சாரதி முள்ளை மட்டும் நம்புவதில்லை. தாங்கியை நிரப்பிய நாளில் ஓடிய மைலளவைக் குறித்து வைப்பான். ஏற்றப் பாதைக்கு எண்ணெய் கூடுதலாகும் என்பதையும் கணக்கிற் சேர்ப்பான். மரக்கோல் மறைந்துபோயிற்று; அதன் பின்னிருந்த எச்சரிக்கை இன்னும் தேவையாகவே இருக்கிறது.