ஆயியின் குளமும் பங்காரியின் வாய்க்காலும்

புதுச்சேரியின் அழகைப் பேசுகிறவர்கள் நூல் பிடித்தாற்போல் ஓடும் தெருக்களைத்தான் சொல்வார்கள். வில்லியனூரில் வீட்டு பிளான் வரைந்து பிழைக்கும் எனக்கு அந்த நகரத்தை வாழவைத்தவை சுற்றியுள்ள ஏரிகளும் வாய்க்கால்களும்தான்.

குடிதண்ணீர்க் கதை ஆயியிடம் தொடங்குகிறது. முத்திரையர்பாளையத்தில் விளக்கெரிந்த அவள் மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்ட அரசன், தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னானாம். அவளே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்பார்கள். பிறகு நல்ல தண்ணீருக்குத் தவித்த பிரெஞ்சு நகரத்துக்கு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்துதான் நீர் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அதற்கு நினைவுச் சின்னம்.

பாகூரின் கதை இன்னும் பழையது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்விக்குச் சோறு போட்டது நெல். அந்த மண்ணில் நெல் என்றால் ஏரிதான். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசி சகோதரிகள் வெட்டியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கதையோ வரலாறோ, தண்ணீர் என்றதும் ஊர் நினைத்துக்கொள்வது இந்த மூன்று பெண்களைத்தான். எனக்கு அதில் பெருமை.

என் தாத்தா பாகூர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் கிளம்புவார். மதகுப் பலகையை எத்தனை விரல் தூக்கினால் எந்த வயலுக்கு எப்போது போய்ச் சேரும் என்பது அவர் கைக்குத் தெரியும். கடைமடை நனைந்தபிறகுதான் வீடு திரும்புவார். கூலி, களத்துமேட்டில் அளந்து கொடுக்கும் நெல். போர்வெல்லும் மோட்டாரும் வந்தபின் அந்த வேலைக்கு மரியாதை போயிற்று. ஆளில்லாத வாய்க்கால் தூர்ந்தது. 1999இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 84 ஏரிகளைச் சீரமைத்தார்கள், பயனாளிகள் சங்கங்களும் அமைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் ஏரிக்கு வரும் வழியும் வெளியேறும் வழியும் மனைகளாகிக்கொண்டே இருக்கின்றன.

என் மேஜைக்கு வரும் புல வரைபடத்தில் வாய்க்கால் இரட்டைக் கோடாக இருக்கும். போய்ப் பார்த்தால் செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு வைத்திருப்பார்கள். ஒருவர் மேடாக்கினால் பக்கத்து வீடு பள்ளமாகும். அந்த வீட்டுக்காரரும் அடுத்த ஆண்டு மேடாக்குவார். 2024இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கி, பாகூர்க் கிராமங்களுக்குள் புகுந்தது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் போதாதுதான். ஆனால் வடிய வேண்டிய தண்ணீர் நாள்கணக்கில் தெருவில் நின்றதற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது யார் பிளான் கேட்டு வந்தாலும் வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் காட்டுகிறேன். சுவரை அதிலிருந்து தள்ளித்தான் போடுகிறேன். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிற அதிகாரிகளும் சாலை அகலத்தைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் போகும் வழியைக் கேட்க வேண்டும்.