டேங்க் பேக்டரி வட்டாரமும் இரண்டு போர்களும்

வேப்பம்பட்டில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சென்னைக்குப் போகிறவர்கள் இல்லை. திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி தாண்டி ஆவடி வந்ததும் சாப்பாட்டுப் பையோடு ஒரு கூட்டம் இறங்கிவிடும். எச்.வி.எப்., ஓ.சி.எப்., சி.வி.ஆர்.டி.ஈ. என்று எழுத்துகளாலேயே அடையாளம் சொல்லும் வட்டாரம் இது. ஒன்றில் டேங்க் செய்கிறார்கள், ஒன்றில் ராணுவச் சீருடை தைக்கிறார்கள், ஒன்றில் அடுத்த டேங்குக்கு வரைபடம் போடுகிறார்கள். பஸ் பலகையில் ‘டேங்க் பேக்டரி’ என்றே எழுதியிருக்கும். பட்டாபிராமில் பிரிந்து போகும் தண்டவாளத்துக்கு ‘மிலிட்டரி சைடிங்’ என்று பெயர்.

போர் நியாயமா என்று இங்கே யாரையாவது கேட்டால், ஷிப்டுக்கு நேரமாச்சு என்பதுதான் பதிலாக வரும். அதில் தப்பும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் எண்பது ஆண்டுக் கதையைப் புரட்டினால், அந்தக் கேள்வி வேறு வேறு ஆட்களின் வாயிலாகத் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும்.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். இந்தியர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் இழுத்துவிட்ட போருக்கு ஆள் தரமாட்டோம் என்று மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. சென்னை மாகாண அமைச்சரவைக்குத் தலைமை வகித்த ராஜாஜியும் பதவி விலகினார். அப்படி விலகிய அதே ராஜாஜிதான், தேசிய அரசு அமைத்துக் கொடுத்தால் போருக்கு ஒத்துழைக்கலாம் என்ற தீர்மானத்தை 1940 ஜூலையில் காங்கிரஸ் ஏற்கும்படி செய்தார். காந்திக்கு அது ஒப்பவில்லை. ஆங்கிலேயர் சம்மதித்திருந்தால் காங்கிரஸ் துப்பாக்கி தூக்கியிருக்கும் என்பதை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சம்மதிக்கவில்லை. அந்த அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது, டிசம்பரில் ராஜாஜியும் சிறைக்குப் போனார்.

1942 ஏப்ரலில் வாதம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று நகரம் நடுங்கியது. அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொன்னது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலிகளைப் போலீசைக் கொண்டு சுட்டுக் கொன்றார்கள். போரில் சென்னை நகரம் கொடுத்த பலிகளில் எந்தக் கட்சியும் சேராத பலி அதுதான். அந்தச் சூழலில் ராஜாஜி, ஜப்பான்காரன் வந்தால் எதிர்த்துத்தான் நிற்க வேண்டும் என்று பேசினார். ‘வெள்ளையனே வெளியேறு’ முழக்கம் எழுவதற்குச் சில வாரங்களுக்கு முன் காங்கிரசை விட்டே வெளியேறினார். போரை ஏற்றவர் என்று அவரை ஒரே கட்டாகக் கட்டிவிடவும் முடியாது. இருபது ஆண்டு கழித்து, 1962 செப்டம்பரில், எண்பது வயதைத் தாண்டிய நிலையில் வாஷிங்டன் போய் அமெரிக்க அதிபர் கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான்.

ஆவடியில் ராணுவக் கிடங்குகளும் வண்டிப் பணிமனைகளும் முளைத்தது இந்த உலகப் போர்க் காலத்தில். போர் முடிந்தது, கிடங்குகள் முடியவில்லை.

1955 ஜனவரியில் அதே ஆவடியில் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டுப் பந்தல் போட்டுக் காங்கிரஸ் மாநாடு நடத்தினார்கள். தலைமை யு.என். தேபர், முதலமைச்சர் காமராஜர் சொந்தக் கல்யாண வேலைபோல ஓடியாடினார். சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் பாடப்புத்தகத்தில் ஏறிய மாநாடு அது. மூன்று மாதம் கழித்து நேரு பாண்டுங்கில், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளுக்கு நடுவே சமாதான சகவாழ்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பந்தல் பிரித்து ஆறே வருடத்தில் ஆவடிக்கு டேங்க் தொழிற்சாலை வந்தது. சீனாவிடம் அடிபட்ட பிறகு வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது 1961இல். சீனப் படை இறங்கியது அடுத்த ஆண்டு அக்டோபரில். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். உலக அரங்கில் ஆயுதக் குறைப்புப் பேசியவரும் அவரே. இதை இரட்டை வேடம் என்று சிலர் கணக்குத் தீர்ப்பார்கள். சமாதானம் பேசுகிறவனுக்கும் வேலி வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

1965இல் முதல் டேங்க் வெளியே வந்தது. பெயர் விஜயந்தா. சுமார் 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். வாசலை விட்டுத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு திறந்த வேகனில் ஏறினால் அது எந்தப் போருக்குப் போகிறது என்பது செய்தவருக்குத் தெரியாது.

1971இல் தெரிந்தது. இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் மார்ச் 25 இரவு ராணுவம் தொடங்கிய கொலைகளுக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே நம் விமான தளங்களைத் தாக்கின. 16ஆம் தேதி டாக்காவில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்து. மேற்கு முனையில் விஜயந்தா சண்டையிட்டது. ஆறும் சேறுமான கிழக்கு முனைக்கு, தண்ணீரில் நீந்தும் ரஷ்ய பி.டி.-76 டேங்குகள்.

போரின் தர்மம் பேசும் நூல்களில் இந்தப் போருக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1977இல் எழுதிய நூலில், மக்களைக் காப்பாற்ற அந்நிய நாட்டுக்குள் புகுவது எப்போது சரி என்பதற்கு இதையே உதாரணமாக எடுக்கிறார். இந்தியாவின் நோக்கம் சுத்தத் தங்கம் என்று அவர் சொல்லவில்லை. எதிரி நாடு இரண்டாக உடைவதில் டில்லிக்கு லாபம் இருந்தது. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்கு மாதக் கணக்கில் இந்தியா பயிற்சி கொடுத்தது. போர் அறிவிப்புக்கு முன்பே, நவம்பர் 20, 21 தேதிகளில், எல்லை தாண்டி கரீப்பூரில் டேங்க் சண்டை நடந்தது. ஐ.நா. பொதுச்சபையில் போரை நிறுத்து, படைகளைத் திரும்ப அழை என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 104 நாடுகள், எதிர்த்து 11. தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இலங்கை, பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிக்கொள்ள விட்டது. அன்றைக்கு உலகம் நம்மை நியாயவான் என்று மெச்சவில்லை என்பதற்காக இத்தனையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் மெச்சியதற்குக் காரணம், உள்ளே போகக் கேட்டவர்கள் அந்த மண்ணின் மக்கள். அடுத்த மார்ச்சுக்குள் படை திரும்பிவிட்டது.

பதினாறு ஆண்டு கழித்து அதே நாடு, அதே ராணுவம், தமிழன் மண்.

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அங்குள்ள தமிழர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10இல் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. மறுநாள் இரவு யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். டி-72 டேங்குகள் அந்தக் குறுகிய ஒழுங்கைகளுக்குள் போயின. 21, 22 தேதிகளில் இந்தியச் சிப்பாய்கள் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்றார்கள். தங்கள் மேல் அங்கிருந்து சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பு வாதம். கட்டிலில் கிடந்தவனுக்கு அந்த வாதம் எட்டாது.

தொடங்கிய நோக்கத்தை மட்டும் வைத்து எடை போட்டால், 1987இல் சொன்ன காரணம் 1971இன் காரணத்துக்கு இளைத்ததில்லை: இரு பக்கமும் சாவதை நிறுத்துவது, தமிழர்க்கு அதிகாரம் வாங்கித் தருவது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும்; யாருக்காகச் சண்டையோ அவர்கள் தரப்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. படை தங்கியது ஏறக்குறைய மூன்று ஆண்டு. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள், தமிழ் மக்கள் அதைவிட அதிகம். 1990 மார்ச்சில் கடைசித் துருப்புகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படையை நான் வரவேற்பதா என்பது அவர் நிலை. தேசத்துக்காகச் செத்தவனை அவமதித்தார் என்பது எதிர்க்கட்சிகளின் குரல். அந்தக் கப்பலில் வந்த சிப்பாய் போகச் சொன்ன இடத்துக்குப் போனவன். அவனை விட்டுவிட்டு டில்லியைக் கேட்டிருக்கலாம்.

வேப்பம்பட்டிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அமைதிப்படையை அனுப்பியதற்காக ராஜீவ் மேல் புலிகள் கொண்ட பகைதான் கொலைக்குக் காரணம், அரசை மிரட்டுவது நோக்கமில்லை, ஆகவே பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் அது சொன்னது. அந்தப் பழிக்கு நியாயம் பேசியவர்கள் தமிழ்நாட்டு மேடைகளில் அப்போதும் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள். அன்றிரவு உடன் செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும் மாலையோடு நின்ற கட்சிக்காரர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பும் கோப்பில் அவர்களில் ஒருவர் கையெழுத்தும் இல்லை.