கண்ணாடிக்கு இப்புறம் ஒரு விரல்

சென்ற ஆண்டு மல்லாட்டை பிடுங்கும் பருவம். கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னைத் தேடி வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி பொருத்தும் ஆலையொன்றில் பணிபுரியும் பேத்தி வாங்கித் தந்த கைபேசி அவரிடம் இருந்தது. மண்ணும் மழையும் படாதிருக்க, அதைத் தளர்வான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். "பேத்தி கூப்புட்றா சாமி, எடுக்க முடியலியே. என் வெரலு இதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

அந்த ஏக்கம் என்னைச் சிந்திக்க வைத்தது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கருவி, மேலே படும் விரலை எவ்வாறு அறிகின்றது? இவ்வினாவின் வரலாறு கைபேசியைவிட மிகப் பழமையானது.

1745ஆம் ஆண்டு பொமரேனியாவில், லூத்தரன் பேராலய முதல்வரான எவால்ட் வான் கிளைஸ்ட் என்பவர், நீர்மம் நிறைந்த சிறு கண்ணாடிக் குப்பியைக் கையில் பிடித்து, அதற்குள் மின்னூட்டத்தைச் செலுத்தினார். மறு கையால் உள்ளே செருகியிருந்த ஆணியைத் தொட்டதும் கடும் அதிர்ச்சி தாக்கியது. 1746இன் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் பேராசிரியர் முஸ்சென்புரூக்கும் இதையே உணர்ந்தார். 'லெய்டன் குப்பி' என்று பெயர் பெற்ற அதுவே உலகின் முதல் மின்தேக்கி. உள்ளிருந்த நீர் ஒரு தகடாகவும், வெளியே பிடித்திருந்த மனிதக் கையே மறு தகடாகவும் அமைந்தன. இடையில் நின்ற கண்ணாடி மின்னோட்டத்தைத் தடுத்தது. ஆனால் மின்புலத்தின் ஈர்ப்பைத் தடுக்கவில்லை.

அதே 1746இல் பிரெஞ்சு நாட்டுத் திருத்தொண்டர் நொல்லே, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, லெய்டன் குப்பியின் மின்னை அவர்களூடே பாய்ச்சினார். அனைவரும் ஒருசேரத் துள்ளினர். மனித உடல் மின்கடத்தி என்பதை அரண்மனையே கண்டது. 1837இல் மைக்கேல் ஃபாரடே, கந்தகம், அரக்கு, கண்ணாடி போன்ற பொருள்கள் இடையில் இருக்கும்போது, காற்று இருப்பதைக் காட்டிலும் மின்தேக்கம் மிகுவதை அளந்து நிறுவினார். காற்றைவிடச் சாதாரணக் கண்ணாடியின் திறன் ஏறத்தாழ 5 முதல் 7 மடங்கு.

இந்த அறிவே தொடுதிரையாக மலர்ந்தது. 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகர ராடார் ஆய்வகத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன், விரல் பட்டால் உணரும் திரையைப் பற்றி எழுதினார். 1970களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பென்ட் ஸ்டம்ப் என்பவர், கண்ணாடியில் நுண்ணிய செப்புக் கோடுகளைப் பதித்து, மாபெரும் துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடுதிரை அமைத்தார். 2007இல் வெளிவந்த ஐபோனுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

இன்றைய திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலனாகாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது, கோடுகள் சந்திக்கும் இடத்து மின்புலத்தில் ஒரு பங்கை அது தன்பால் ஈர்க்கின்றது. அந்த நுண்ணிய மாற்றத்தை நொடிக்குப் பலமுறை அளந்து, விரல் எங்கே உள்ளதெனக் கருவி கணக்கிடுகின்றது. அழுத்தம் தேவையில்லை, அண்மையே தேவை. ஆகவே திரையோடு ஒட்டிய மெல்லிய காப்புக் கண்ணாடி தடையாவதில்லை. உறைக்கும் திரைக்கும் இடையே காற்று புகுந்தால்தான் விரலின் ஈர்ப்பு வெகுவாகக் குன்றுகின்றது.

மூதாட்டியின் கைபேசிக்கு நேர்ந்ததும் அதுவே. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் உறையின்மீது பட்டும் படாமலும் தொட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, அறுபது ஆண்டுகளாகக் களைக்கொத்து பிடித்துக் காய்த்து உலர்ந்த அவரது விரல்தோலும் மற்றோர் உறையாகிவிட்டது. நான் பிளாஸ்டிக்கை இழுத்து, திரையோடு படியுமாறு மடித்துக் கட்டினேன். "இப்போ நல்லா வச்சுத் தொடுங்க, பாட்டி" என்றேன். பேத்தியின் முகம் திரையில் தோன்றியது.

அவருக்கு அந்த உறை தேவை. வயற்காட்டில் அது இல்லாமல் கைபேசி நிலைக்காது. காய்த்த தோலும் அவ்வாறே. அதுவே அக்குடும்பத்தைக் காத்தது. உறைகளோடுதான் நாம் அனைவரும் வாழ்கிறோம்: முதுமை, கூச்சம், தொலைதூரப் பணி. அவற்றைக் கிழித்தெறியத் தேவையில்லை. அவற்றுக்குள் புகுந்துவிட்ட வெற்றிடத்தைக் குறைக்க, அருகில் அமர்ந்து சற்றுநேரம் செலவிட ஒருவர் வேண்டும். அன்று பாட்டிக்கும் பேத்திக்கும் அந்தச் சற்றுநேரமே போதுமானதாயிருந்தது.