பாக்டீரியா அடிக்கும் அலாரம்... ஆஃப் செய்யும் வைரஸ்! எப்படி நடக்கிறது இந்த ஆட்டம்?

வைரஸ் தாக்குவது மனிதர்களை மட்டுமல்ல. பாக்டீரியாவையும் அது விட்டுவைப்பதில்லை. ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பு என்றாலும், பாக்டீரியாவிடமும் ஒரு அலாரம் இருக்கு. அது அடிக்காவிட்டாலும் ஆபத்து. நிற்காமல் அடித்தாலும் ஆபத்து.

அலாரம் அடிப்பது எப்படி?

மரபணுவைத் திருத்தும் கருவியாகப் பேசப்படும் 'கிரிஸ்பர்', அடிப்படையில் பாக்டீரியா, ஆர்க்கியா ஆகிய நுண்ணுயிர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு. இதில் 'டைப் 3' என்றொரு வகை உண்டு. வைரஸின் ஆர்என்ஏ சிக்கியதுமே 'காஸ்10' என்ற புரதம், செல்லில் உள்ள ஏடிபி மூலக்கூறுகளைக் கோத்து குட்டி வளையங்களாக மாற்றும். இந்த வளையம்தான் சிக்னல். 2017இல் இது தெரியவந்தது.

சிக்னல் கிடைத்ததும், ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள், அதாவது என்சைம்கள், விழித்துக்கொள்ளும்.

இதில் என்ன சிக்கல்?

இந்த நொதிகளுக்கு நம்மவர், எதிரி என்ற பேதமே கிடையாது. வைரஸின் ஆர்என்ஏவோடு செல்லின் சொந்த ஆர்என்ஏவையும் வெட்டித் தள்ளும். அப்படியே விட்டால் செல்லின் வளர்ச்சி நிற்கும், செத்தும் போகலாம்.

ஆஃப் பட்டன் எங்கே?

விடையை 2018இல் சொன்னது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு. கொதிக்கும் அமில ஊற்றுகளில் வாழும் 'சல்போலோபஸ்' என்ற ஆர்க்கியாவில், சிக்னல் வளையத்தையே வெட்டும் நொதிகள் இருந்தன. இவற்றுக்கு 'ரிங் நியூக்ளியேஸ்' என்று பெயர். வளையம் உடைந்தால் சிக்னல் இல்லை, அலாரமும் அடங்கிவிடும்.

இவை மெதுவாகத்தான் வெட்டும். அதுவும் நல்லதுக்குத்தான். வைரஸை ஒழிக்க அவகாசம் வேண்டுமே!

வைரஸ் சும்மா இருக்குமா?

இதே வேலையைச் செய்யும் நொதி வைரஸ்களிடமும் இருப்பது 2020இல் தெரியவந்தது. வித்தியாசம் வேகம்தான். சிக்னல் சேருவதற்கு முன்பே மளமளவென வெட்டித் தீர்த்துவிடும். அலாரம் அடிக்காத வீட்டில் திருடனுக்கு என்ன பயம்?

ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் 'டி4' வைரஸும் இதே தந்திரக்காரன்தான். 'சிபாஸ்' என்ற மற்றொரு பாதுகாப்பு அமைப்பின் சிக்னலை, 'ஏசிபி1' என்ற நொதியால் அது உடைப்பது 2022இல் கண்டறியப்பட்டது.

மனிதர்களுக்கு என்ன தொடர்பு?

நம் செல்களிலும் 'சிகாஸ்-ஸ்டிங்' என்ற அலாரம் உண்டு. அதன் சிக்னலும் வளைய வடிவ மூலக்கூறுதான். பெரியம்மை தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ், 'பாக்ஸின்' என்ற நொதியால் அந்த வளையத்தை உடைக்கிறது என்பது 2019இல் உறுதியானது.

ஆக, பாக்டீரியாவோ மனிதரோ, வைரஸ் குறிவைப்பது காவல்காரனை அல்ல. அவனை எழுப்பும் மணியை!